பேசும் பெட்டி: பொத்தானும் விளக்கும் இணைக்கும் முறை

நமது கிராமங்களுக்கு ஒலிபெருக்கி புதியதன்று. 1939ஆம் ஆண்டு மே மாதம் திருச்சி வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. பின்வந்த ஆண்டுகளில், பஞ்சாயத்துக் கட்டடத்தையொட்டிச் சிறு அறை ஒன்று எழுப்பி, அதில் வானொலிப் பெட்டியை வைத்து, மேலே புனல் போன்ற ஒலிபெருக்கியைப் பொருத்தி, மாலை வேளையில் விவசாய நிகழ்ச்சியையும் செய்தியையும் ஊரார் கேட்கச் செய்த காலம் ஒன்றிருந்தது. இன்று அவ்வறைகளிற் பல பூட்டிக் கிடக்கின்றன. தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்ததே இதற்குக் காரணம் என்பர். அது பாதி உண்மையே. பெட்டி பழுதுற்ற அன்று அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஊரில் இல்லை என்பது மற்றப் பாதி.

இவ்விஷயத்தை இங்கு நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பேசும் கருவிகள் மீண்டும் பஞ்சாயத்துகளை நாடி வரத் தொடங்கியுள்ளன. குப்பை சேகரிக்கும் வண்டியிலும், பேருந்து நிறுத்தத்திலும், அலுவலக வாயிலிலும் பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்யும் சாதனங்களைப் பலர் விலைக்குக் கொண்டுவந்து காட்டுகின்றனர். மூடி முத்திரையிட்ட பெட்டியாக அவற்றை வாங்கினால், பழைய வானொலிப் பெட்டிக்கு நேர்ந்ததே இவற்றிற்கும் நேரும். உள்ளிருக்கும் பொருள் யாது, எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்பதை ஊரில் இருவரேனும் அறிந்து வைத்திருந்தால், பழுது பார்க்கும் செலவு பத்து ரூபாய்ப் பொத்தானோடு முடிந்துவிடும். ஆகவே அப்பெட்டியின் உள்ளமைப்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பள்ளியில் அறிவியல் பயின்ற எவரும், ஐ.டி.ஐ.யில் பயின்ற இளைஞர் ஒருவர் துணையிருந்தால், இதை ஒரு நாளில் செய்து முடிக்கலாம்.

எடுத்துக்காட்டாகக் கொடும்பாளூர்

புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைக்கு அணித்தே, திருச்சி–மதுரை நெடுஞ்சாலையையொட்டி அமைந்தது கொடும்பாளூர். மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் இவ்வூரைக் குறிப்பிடுகிறது. இங்குள்ள மூவர் கோயில், இருக்குவேளிர் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி என்பான் தன் பெயராலும், தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எடுப்பித்தது. மேற்கு நோக்கிய மூன்று கோயில்களுள் நடுவிலுள்ளதும் தெற்கிலுள்ளதும் நிற்கின்றன. வடக்கிலிருந்ததற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. நெடுஞ்சாலையில் செல்வோர் சற்றே இறங்கி வந்து இதனைக் கண்டு செல்வதுண்டு. கோயில் எவருடையது, மூன்றாவது எங்கே என்று அவர்கள் வினவும்போது, விடை கூற ஆள் எப்பொழுதும் இருப்பதில்லை.

இத்தகைய ஊரில் பஞ்சாயத்து ஒரு பேசும் பெட்டியை வைப்பதாகக் கொள்வோம். அதில் இரண்டு பொத்தான்கள். முதற் பொத்தானை அழுத்தினால் ஊரின் வரலாறு மூன்று நிமிடம் ஒலிக்கும். இரண்டாவதை அழுத்தினால் அடுத்த கிராம சபையின் நாளும் பொருளும் ஒலிக்கும். தமிழகத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றிலும் கிராம சபை கூட்டப்பெறும் என 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்றதை அங்கத்தினர்கள் அறிவர். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை எழுதப் படிக்க இயலாதவரும் பார்வைக் குறையுடையவரும் படிக்க இயலாது. கட்டங்கள் நிறைந்த சதுரத்தைக் கைப்பேசியால் படம் பிடித்துச் செய்தி பெறும் முறையும் அவர்களுக்குப் பயன்படாது. பொத்தானை அழுத்திக் காது கொடுப்பது எவருக்கும் இயலும்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். மூவர் கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடை செய்துள்ளன. அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். கோயில் வளாகத்தினுள் ஓர் ஆணியும் நாம் அறையலாகாது. பஞ்சாயத்து அலுவலகத் தாழ்வாரமோ, நூலகமோ, பேருந்து நிழற்குடையோ பெட்டிக்கு ஏற்ற இடமாகும்.

சிறு பலகையும் அதன் பதினாறு கால்களும்

பெட்டியின் உயிர் ஒரு தபால் தலையளவுள்ள மின்பலகை. ஷாங்காய் நகரிலுள்ள டி.எஃப். ரோபோ நிறுவனம் வெளியிட்ட டி.எஃப். பிளேயர் மினி என்பது அதன் பெயர். சென்னை ரிச்சி தெருவிலும், மின்னணு உதிரிப்பாகம் விற்கும் பிற கடைகளிலும், தபால் வழியாகவும் கிடைக்கிறது. விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஞாபக அட்டையிலுள்ள எம்.பி.3 பதிவை எடுத்து ஒலியாக்கி, 3 வாட்டுக்கு உட்பட்ட சிறு ஒலிபெருக்கியை நேரே இயக்கவல்லது. இதே உருவில் வேறு பலர் செய்த நகல்களும் விற்கின்றன. அவை பெரும்பாலும் ஒத்தே இயங்கினும், சிறு வேறுபாடுகள் உண்டு. அருங்காட்சியகங்களிற் பயன்படும் பிரைட்சைன் போன்ற விலையுயர்ந்த ஒளிபரப்பிகளிலும் பொத்தானும் விளக்கும் இணைப்பதற்கென்றே இத்தகைய கால்கள் அமைந்துள்ளன. இங்குக் கூறும் தத்துவம் அவற்றிற்கும் பொருந்தும்.

பலகையில் பக்கத்திற்கு எட்டாகப் பதினாறு கால்கள் உள்ளன. நமக்கு அவற்றுள் ஒன்பது போதும். 1ஆம் கால் வி.சி.சி.; மின்சாரம் உட்புகும் வழி. 7, 10 ஆகியவை ஜி.என்.டி. என்னும் தரைமுனை. 6, 8 ஆகியவை ஒலிபெருக்கிக்கு. 9ஆம் கால் ஐ.ஓ.1, 11ஆம் கால் ஐ.ஓ.2, 12ஆம் கால் ஏ.டி.கீ.1, 13ஆம் கால் ஏ.டி.கீ.2. எண்ணிப் பார்ப்போர் இத்துடன் ஒன்பதாயிற்றே என்பர். ‘பிஸி’ என்னும் 16ஆம் காலையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு தரைமுனைகளும் உள்ளே ஒன்றே என்பதால் ஒன்றெனவே எண்ணினால் கணக்குச் சரியாகும்.

கால்கள் இருவகைப்படும் என்பதை மட்டும் மனத்தில் இருத்த வேண்டும். சில கேட்கும் கால்கள், ஏ.டி.கீ.யும் ஐ.ஓ.வும் அவ்வினம். அவற்றிற்கு நாம் மின்சாரம் ஊட்டுவதில்லை. பொத்தான் வழியே தரைமுனையோடு தொடச் செய்வதே போதும்; தொட்டதும் பலகை அதனை உணர்ந்து கட்டளையாகக் கொள்கிறது. மற்றொன்று சொல்லும் கால், ‘பிஸி’ அவ்வினம். ஒலித்துக்கொண்டிருக்கையில் அது தரைமுனையின் நிலைக்கு இறங்கும். ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 3.3 வோல்ட்டுக்கு உயரும். இரண்டினமும் மெல்லிய செய்தியைக் கடத்துவன. சுமை தூக்குவன அல்ல. வீட்டுச் சுவிட்சைப் போல் எண்ணி 12 வோல்ட் விளக்கையோ, 230 வோல்ட் இணைப்பையோ இவற்றில் கோத்தால், பலகை அக்கணமே கருகும். பின்னதில் மனிதருக்கும் ஆபத்து.

மின்சாரம்

கைப்பேசிக்கு மின்னேற்றும் 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜர் போதுமானது. நற்பெயருள்ள சார்ஜராக வாங்குதல் நலம். மலிவானவற்றில் இரைச்சல் மிகுதி, காப்பும் குறைவு. பலகை 3.2 முதல் 5 வோல்ட் வரை ஏற்கும். தயாரிப்பாளர் கூறும் இயல்பான அளவு 4.2 வோல்ட். சார்ஜரின் நேர்முனையிலிருந்து வரும் கம்பியில் 1என்4007 என்னும் டயோடுகள் இரண்டினை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, அதன் பின்னரே வி.சி.சி. காலில் இணைக்க வேண்டும். ஒவ்வொரு டயோடிலும் ஏறத்தாழ 0.7 வோல்ட் குறையும் ஆதலால், பலகைக்கு 3.6 வோல்ட் அளவில் கிடைக்கும். டயோடின் வெள்ளிக் கோடு பலகையை நோக்கி இருக்க வேண்டும். எவரேனும் சார்ஜர் முனைகளை மாற்றிக் கோத்துவிட்டாலும் இவை மின்சாரத்தை உட்புக விடா. மற்றுமொரு பயன் உண்டு. அது விளக்கைக் கூறுமிடத்து விளங்கும். வி.சி.சி.க்கும் தரைமுனைக்கும் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை, முனை பார்த்து வைத்தால், உரத்த ஒலியின்போது மின்னழுத்தம் தள்ளாடுவது குறையும்.

விளக்கு

எல்.இ.டி. விளக்கு இன்று தெருவிளக்கு முதல் கைவிளக்கு வரை பரவிவிட்டது. கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு எல்.இ.டி.யை 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்த நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். நீல நிறத்தைப் பெற மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர். வரலாற்றுக்காக மட்டும் இதனைக் கூறவில்லை. சிவப்பு விளக்கு 2 வோல்ட் அளவிலேயே எரியும். நீலமும் வெள்ளையும் 3 வோல்ட் அளவில் வேண்டும். நம்மிடம் இருப்பதோ 3.6 வோல்ட். ஆதலால் நமது பெட்டிக்குச் சிவப்பே உகந்தது.

எல்.இ.டி.யை மின்சாரத்தில் நேரே இணைக்கலாகாது என்பதைப் பலரும் கேட்டிருப்பர். காரணம் அறிந்தவர் சிலரே. புதுக்கோட்டைச் சீமையின் பழைய கண்மாய்களில் நிற்கும் குமிழித் தூம்பை நாம் அறிவோம். கண்மாயில் எத்துணை நீர் நிறைந்திருப்பினும், தூம்பின் துளை எவ்வளவோ அவ்வளவே வாய்க்காலுக்குச் செல்லும். துளையின்றிக் கரையை வெட்டிவிட்டால் வாய்க்காலும் வயலும் அடித்துச் செல்லப்படும். எல்.இ.டி. தனக்கு வேண்டிய மின்னழுத்தம் கிடைத்ததும் அளவின்றி மின்னோட்டத்தை இழுத்துக் கருகும் இயல்புடையது. அதற்குத் தூம்பாக அமைவது ரெசிஸ்டர் என்னும் மின்தடை.

அதன் அளவைக் கணக்கிடுதல் எளிது. 3.6 வோல்ட்டில் விளக்கு எடுக்கும் 2 வோல்ட்டைக் கழித்தால் எஞ்சுவது 1.6 வோல்ட். 470 ஓம் ரெசிஸ்டரை வைத்தால், 1.6ஐ 470ஆல் வகுக்க, 3.4 மில்லி ஆம்பியர் கிடைக்கும். இக்காலச் சிவப்பு விளக்கு நிழலில் நன்கு தெரிவதற்கு இது போதும். ‘பிஸி’ காலுக்கும் சுமையாகாது. வெயிலிலும் தெரிய வேண்டுமென்று ரெசிஸ்டரின் அளவைக் குறைத்துக்கொண்டே போவோர் உளர். அதனினும் விளக்கின் மேல் ஒரு சிறு தகரக் குல்லா வைப்பது மேல்.

இணைக்கும் முறை சற்றே விந்தையாகத் தோன்றும். விளக்கின் நீண்ட கால், ரெசிஸ்டர் வழியாக, டயோடுகளுக்கு அப்பாலுள்ள வி.சி.சி. முனைக்குச் செல்ல வேண்டும். குட்டையான கால் 16ஆம் காலுக்கு, அதாவது ‘பிஸி’க்குச் செல்ல வேண்டும். ஒலிக்கும்போது ‘பிஸி’ தரைநிலைக்கு இறங்குவதால் மின்சாரம் விளக்கின் வழியே ஓடி அதனை எரிக்கும். ஓய்ந்திருக்கையில் மேலே 3.6, கீழே 3.3; இடைப்பட்ட சிறு வேறுபாட்டால் விளக்கு எரியாது. டயோடுகளை விடுத்து 5 வோல்ட்டையே கொடுத்திருந்தால் வேறுபாடு 1.7 வோல்ட் ஆகி, பெட்டி மௌனமாயிருக்கும்போதும் சிவப்பு விளக்கு மங்கலாக மினுக்கும்; பலகை தாங்குவதற்கு மிஞ்சிய அழுத்தமும் அக்காலில் ஏறும். டயோடுகளின் மற்றுமொரு பயன் என நாம் கூறியது இதுவே.

விளக்கு வெறும் அலங்காரமன்று. பொத்தானை அழுத்தியபின் குரல் எழச் சற்றுத் தாமதமாகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி அழுத்தினால் பதிவு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மூன்று சிறுவர்கள் கூடிவிட்டால் முதல் வாக்கியத்தைத் தாண்டி எவரும் எதையும் கேட்க முடியாது. பொத்தானை ஒட்டியே விளக்கை வைத்து, ‘விளக்கு எரியும்போது அழுத்த வேண்டாம்’ என்று எழுதி வைத்தால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

பொத்தான்

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். இணையத்திற் கிடைக்கும் படங்கள் பலவற்றில் ஐ.ஓ.1, ஐ.ஓ.2 ஆகிய கால்களிலேயே பொத்தான்கள் இணைக்கப்பெற்றிருக்கும். ஐ.ஓ.1ஐத் தரைமுனையோடு சற்றே தொட்டால் முந்தைய பதிவும், ஐ.ஓ.2ஐத் தொட்டால் அடுத்த பதிவும் ஒலிக்கும். ஆனால் அழுத்தியபடியே பிடித்திருந்தால் முன்னது ஒலியைக் குறைத்துக்கொண்டே போகும். பின்னது கூட்டிக்கொண்டே போகும். வீட்டு மேசையில் இது சௌகரியம். பொது இடத்திலோ பெருந்தொல்லை. ஒருவர் பொத்தானின் மேல் சாய்ந்து நின்றாலும் குரல் தேய்ந்து அடங்கிவிடும். அடுத்து வருபவர் பெட்டி கெட்டுவிட்டது என்பார். எழுத்தர் அதனைப் பதிவேட்டில் பழுது என எழுதுவார். நல்ல பெட்டி அலமாரிக்குள் செல்லும். உண்மையில் கெட்டது ஒன்றுமில்லை. குரலின் அளவு சுழியமாகிவிட்டது, அவ்வளவே.

ஆகவே ஐ.ஓ. கால்களின் பொத்தான்களைப் பூட்டிய பெட்டியின் உள்ளே வைக்க வேண்டும். திறவுகோல் உடையவர் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் அவை பயன்படும். வெளியே மக்கள் தொடும் பொத்தான்களை ஏ.டி.கீ. கால்களோடு மட்டும் இணைக்க வேண்டும். ஏ.டி.கீ.1 தரைமுனையைத் தொட்டால் முதலாம் பதிவு ஒலிக்கும். ஏ.டி.கீ.2 தொட்டால் ஐந்தாம் பதிவு ஒலிக்கும். இரண்டாவது பொத்தானுக்கு இரண்டாம் பதிவுதானே வரவேண்டும் எனக் கேட்கலாம். இக்கால்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவுள்ள ரெசிஸ்டர்களின் துணையால் பத்துப் பொத்தான்கள் வரை பிரித்தறிய வல்லன; கண்மாயில் நட்ட அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தை அறிவது போல, காலில் நிற்கும் மின்னழுத்தத்தை அளந்து எந்தப் பொத்தான் என்று அறிகின்றன. அவ்வரிசையில் முதற் காலின் தொடக்கம் ஒன்றாம் பதிவு. இரண்டாம் காலின் தொடக்கம் ஐந்தாம் பதிவு. நமக்கு இரண்டே பொத்தான் ஆதலால் ரெசிஸ்டர் வரிசை வேண்டுவதில்லை.

பொத்தான், அழுத்தினால் இணைந்து விட்டால் பிரியும் இனமாக இருக்க வேண்டும். அழைப்பு மணிக்கு உள்ளது போன்றது எனக் கடையில் கேட்கலாம். காலுக்கும் பொத்தானுக்கும் இடையே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால், வெளிக் கம்பியில் ஏதேனும் மின்னதிர்ச்சி பாய்ந்தாலும் பலகைக்குச் சிறிது பாதுகாப்புக் கிடைக்கும். பொத்தானை அறிவதற்கு அது இடையூறாகாது. கம்பி ஒரு முழத்திற்கு மிகாதிருத்தல் நன்று. பொத்தானைச் சாலையோரத்திலும் பெட்டியை அலுவலகத்தினுள்ளும் வைக்க விரும்புவோர் உண்டு. நீண்ட கம்பி மோட்டார் ஓடும்போதும் இடி இடிக்கும்போதும் பொய்யான செய்தியைக் கொண்டு சேர்க்கும். எவரும் தொடாமலே பெட்டி நள்ளிரவில் பேசத் தொடங்கினால் ஊரில் என்ன பேச்சு எழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விவசாயிகள் சிலர், பொத்தானுக்குப் பதிலாகத் தொட்டியில் மிதவை ஸ்விட்சை இணைத்து, நீர் நிறைந்ததைப் பெட்டி அறிவிக்கச் செய்யலாமா என வினவக்கூடும். பெட்டியின் பார்வையில் மிதவையும் ஒரு பொத்தானே. ஆனால் தொட்டி நிறைந்திருக்கும் வரை அது அழுத்தியபடியே நிற்கும். நீண்ட நேரம் அழுத்தினால் பலகைக்குப் பலகை நடத்தை மாறும். கையிலுள்ள பலகையைச் சோதித்துப் பார்த்த பின்னரே அதில் இறங்க வேண்டும். மோட்டாரை நிறுத்தும் வேலையை மட்டும் எக்காரணம் கொண்டும் இப்பலகையிடம் ஒப்படைக்கலாகாது.

பிற இணைப்புகள்

ஒலிபெருக்கியின் இரு கம்பிகளும் 6, 8 ஆகிய கால்களுக்கே செல்ல வேண்டும். இவற்றுள் எதுவும் தரைமுனையையோ உலோகப் பெட்டியின் உடலையோ தொடலாகாது. பழைய வானொலிகளில் ஒலிபெருக்கியின் ஒரு முனையைத் தரைமுனையில் இணைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தில் இங்கும் செய்தால் ஒலிபெருக்கும் பகுதி எரிந்துபோகும். 8 ஓம், 3 வாட் ஒலிபெருக்கி தாழ்வாரத்திற்குத் தக்கது.

பலகையைக் கம்பிகளோடு நேரே ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டாம். துளையிட்ட பலகையொன்றில், கடையில் ‘டாட் போர்டு’ என்பர், சாக்கெட் வரிசை இரண்டினைப் பற்றவைத்து, அதில் பலகையைச் செருகுவதே முறை. பின்னர் எப்பொழுதேனும் பலகை பழுதுற்றால், ஈயக்கோல் பிடிக்கத் தெரியாதவரும் அதனைப் பிடுங்கிப் புதியதைச் செருகலாம். ஊரில் ஒரு மாற்றுப் பலகையை வாங்கி வைத்திருப்பது, ஆண்டுக்கொரு முறை பழுது பார்ப்பவரை நகரிலிருந்து வரவழைப்பதினும் சிக்கனமாகும்.

இணைத்தவுடன் மூடிவிடாது, படிப்படியாகச் சோதிக்க வேண்டும். பலகையைச் செருகும் முன், 1ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் உரிய துளைகளில் மல்டிமீட்டரை வைத்து 3.6 வோல்ட் அளவில் வருவதைக் காணவேண்டும். மிகுதியான சுமையின்றி அளப்பதால் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் பாதகமில்லை. பின் பலகையைச் செருகி, பொத்தான் எதனையும் இணைக்காமல், ஒரு சிறு கம்பியால் 12ஆம் காலையும் 10ஆம் காலையும் கணநேரம் தொட வேண்டும். குரல் எழுந்தால் மின்சாரமும் அட்டையும் ஒலிபெருக்கியும் செம்மையாக உள்ளன என்பது ஒரே தொடலில் தெளிவாகும். அதன் பின்னரே விளக்கு; அதன் பின்னரே பொத்தான்கள். கடைசியாக வெளிப்பொத்தான் ஒவ்வொன்றையும் பத்து விநாடி அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஊர்ச் சிறுவர்கள் முதல் நாளே செய்யப்போவது அதுதான்.

பெட்டி மரத்தாலாயினும் பிளாஸ்டிக்காலாயினும் நன்று. தகரப் பெட்டி நம் பகுதிக் கோடையில் அடுப்பாகிவிடும். காற்றுக்கு விட்ட துளைகளில் கொசு வலை ஒட்டாவிடில் எறும்பு குடியேறும். சுவிட்சினுள் எறும்பு புகுந்து மோட்டார் நின்ற அனுபவம் இல்லாத விவசாயி இல்லை. சார்ஜரைச் செருகும் 230 வோல்ட் இணைப்பு பெட்டிக்கு வெளியே, கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். உள்ளே 5 வோல்ட் மட்டுமே வருமாயின், திறந்து பார்க்க எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

குரலும் அட்டையும்

பதிவு செய்வதற்குக் கைப்பேசியே போதும். மின்விசிறியை நிறுத்தி, சாளரத்தை மூடி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசினால் தெளிவாக இருக்கும். நகரத்திலிருந்து குரல் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. கொடும்பாளூரின் கதையைக் கொடும்பாளூரின் ஆசிரியரோ மாணவியோ சொல்வதே பொருத்தம். கல்வெட்டில் உள்ளதையும் ஊரில் வழங்கும் கதையையும் கலவாது, இன்னது கல்வெட்டு, இன்னது செவிவழி என்று பிரித்துரைக்க வேண்டும்.

ஞாபக அட்டை 32 ஜி.பி.க்கு மேற்படாததாக இருக்க வேண்டும். கணினியில் அதனை எஃப்.ஏ.டி.32 முறையில் வெறுமையாக்கிக்கொள்ள வேண்டும். பதிவுகளுக்கு 0001, 0002 என நான்கு இலக்கப் பெயர் சூட்டுவது வழக்கம். ஆயினும் பொத்தான் வழியே அழைக்கும்போது பலகை பெரும்பாலும் பெயரைப் பார்ப்பதில்லை. அட்டையில் எது முந்தி ஏறியதோ அதையே முதலாவதாகக் கொள்கிறது. ஐந்து பதிவுகளையும் ஒருங்கே தேர்ந்து நகலெடுத்தால் வரிசை மாறக்கூடும். ஊர் வரலாற்றை அழுத்தினால் கிராம சபை அறிவிப்பு வருவதற்குக் காரணம் இதுவே; கம்பியைக் குறை கூறிப் பயனில்லை. ஒவ்வொன்றாக, வரிசையாக ஏற்ற வேண்டும். முதலாவது வரலாறு; ஐந்தாவது கிராம சபை. இடையிலுள்ள மூன்றிற்கு வெளியே பொத்தான் இல்லையாயினும் இடம் நிரப்பப்பெற வேண்டும் ஆதலால், வரலாற்றுப் பதிவின் நகலையே வைத்துவிடலாம்.

கிராம சபை அறிவிப்பு ஆண்டுக்கு ஆறு முறையேனும் மாறும். பழைய நாளைச் சொல்லும் பெட்டியை மக்கள் இரண்டு முறைக்கு மேல் நம்பமாட்டார்கள். மாற்றும் பொறுப்பு எவருடையது என்பதைப் பஞ்சாயத்துத் தீர்மானத்திலேயே குறித்துவிடுதல் நலம். மாற்றும்போது ஐந்தாவதை மட்டும் அழித்துப் புதியதை இட்டால் வரிசை பிறழ நேரலாம். அட்டை முழுவதையும் வெறுமையாக்கி ஐந்தையும் மறுபடி வரிசையாக ஏற்றுவதே பிழையற்ற வழி. அதற்காக ஐந்து பதிவுகளின் மூலப் பிரதியைப் பஞ்சாயத்துக் கணினியில் தனியே வைத்திருக்க வேண்டும். எந்தக் காலிலிருந்து எந்த நிறக் கம்பி எங்கே செல்கிறது என்னும் படத்தைக் கையாலேயே வரைந்து, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி, அதன் நகலொன்றைப் பதிவேட்டோடு தைத்து வைக்க வேண்டும்.